பானை ஓடுகளை வைத்து ஒரு பழைய ஊரின் காலத்தையும் தொடர்புகளையும் எப்படிச் சொல்கிறார்கள்?

நொய்யல் கரைக் காட்டில் உழும்போது கிடைத்த பானை ஓடு ஒன்றைக் காட்டினால், அதன் காலத்தையும் அந்த ஊருக்கு வெளியூர்களோடு இருந்த தொடர்பையும் சொல்லிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடு மட்டும் போதாது. அது எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதும் தெரிய வேண்டும்.

நான் சென்னிமலைப் பக்கத்தவன் என்பதால், அதே நொய்யல் கரையிலுள்ள பழைய ஊரான கொடுமணலை வைத்தே விளக்குகிறேன். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் அகழாய்வு தொடங்கிய அந்த ஊரில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் ஏராளம். சூளையில் காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்து, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்துவிடும். உடைந்த விளிம்பைப் பார்த்தால் கறுப்பு எங்கே முடிந்து சிவப்பு எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். ஆனால் இவ்வகைப் பானை இரும்புக் காலத்தில் தொடங்கிச் சங்ககாலம் கடந்தும் புழங்கியது; ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து நூற்றாண்டைச் சொல்வது சரியாகாது.

அதனால்தான் ஆய்வாளர்கள் குழியை, மனிதர் கை படாத கன்னிமண் வரை அடுக்கடுக்காகத் தோண்டி, வாய் விளிம்பின் வடிவம், பூச்சு, கீறல் குறியீடு, எழுத்து ஆகியவை எந்த அடுக்கில் தோன்றி எதில் மறைகின்றன என்று பதிவு செய்கிறார்கள். இது முன்பின் வரிசையைத் தரும். ஆண்டைத் தருவது உடன் கிடைக்கும் கரியும் தானியமும்தான். கொடுமணலில் எடுத்த மாதிரிகளின் ஏ.எம்.எஸ். கரிமக் கணிப்பு (எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதைச் சொல்லும் முறை) ஏறத்தாழ கி.மு. 408 முதல் கி.மு. 200 வரையிலான காலத்தைக் காட்டியது. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஓர் ஈமச்சின்னத்தினுள் (பழங்காலக் கல்லறை) நான்கு கால் சாடியில் இருந்த நெல் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. அதே ஈமச்சின்னத்தில் கிடைத்த பானைத் தாங்கியில் 'வயிர' என்று தமிழ்-பிராமியில் பொறித்திருந்ததால் அந்த எழுத்துக்கும் காலம் சொல்ல வழி பிறந்தது. அத்தனை பழமையை ஏற்காத அறிஞர்களும் உண்டு. என் பார்வையில், நெல்லும் எழுத்தும் ஒரே ஈமச்சின்னத்தில் கிடைத்ததை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உங்கள் காட்டில் இன்னும் ஓடுகள் தென்பட்டால் அவற்றைப் பெயர்க்காமல், இருக்கும் நிலையிலேயே படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள் என்று கேட்டுக்கொள்வதும் இதனால்தான்.

தொடர்பு என்பது இதைவிடச் சிக்கலானது. செம்பழுப்புப் பூச்சின் அடியில் வெண்ணிற அலைக்கோடுகள் தெரியும் பானை தமிழகத்தில் கொங்குப் பகுதியில்தான் மிகுதி. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் அது கிடைப்பதால், தக்காண மேட்டுநிலத்தோடு நமக்கிருந்த உறவை அது காட்டுகிறது. கொடுமணல் ஓடுகளில் 'கண்ணன் ஆதன்' போன்ற தமிழ்ப் பெயர்களோடு 'சம்பன் ஸுமணன்' என்பதும் வருகிறது. ஸுமணன் என்பது, வட இந்தியாவின் பழைய மொழியான பிராகிருதத்தில் வரும் பெயர். பானை உள்ளூர் மண்ணில் வனையப்பட்டிருந்தாலும், அதற்கு உரியவர் வட நாட்டு வணிகராகவோ அவர் வழிவந்தவராகவோ இருந்திருக்கலாம்.

மண்ணையும் வடிவத்தையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்பதற்கு, கரூரிலும் கிடைக்கும் ரௌலட்டட் பானை (உட்புறத்தில் உருளைக் கருவியால் வரிவரியாகப் பொறிப்பு இட்டது) நல்ல சான்று. 1945இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் அகழாய்வு செய்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் வீலர், இத்தாலியப் பானைகளோடு கிடைத்ததைக் கொண்டு, அதையும் மத்தியதரைக்கடல் நாட்டுத் தொடர்பின் விளைவாகக் கருதிக் கி.பி. முதல் நூற்றாண்டையொட்டிக் காலம் கணித்தார். பிற்கால ஆய்வுகள் அது இந்திய மண்ணில் வனைந்தது என்றும், ரோமானிய வணிகம் பெருகுவதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது என்றும் காட்டிவிட்டன.