தாத்தாவின் அறையை உடனே ஒழுங்குபடுத்தாதீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் தாத்தா காலமாகிப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். நட்சத்திரம், செடி, ரேடியோ, தேவாரம் என்று எல்லாவற்றிலும் ஈடுபாடு. அறையில் இருப்பதை வைத்து அவர் வாழ்க்கையை எப்படித் தொகுப்பது?

பதில்:

துடைப்பத்தை எடுக்குமுன் போனை எடுங்கள். ஒவ்வொரு தட்டையும் இருக்கிறபடியே படமெடுங்கள். வான நோட்டுக்குள் ஒரு காய்ந்த இலை, ரேடியோ மேல் தேவாரப் புத்தகம் என்று இருக்கும். நாலு விஷயத்தில் கால் வைத்தவரின் மனசு அந்தக் கலவையில்தான் இருக்கிறது. புத்தகம் தனி, செடி தனி என்று பிரித்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது.

அடுத்தது பாட்டில்கள். பழைய அறிவியல் ஆசிரியர் வீட்டில் லேப் சாமான் இல்லாமல் இருக்காது. மஞ்சள் நிறத்தில் பிக்ரிக் அமிலம் இருந்தால் மூடியைத் தொடாதீர்கள். ஈரமாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. காய்ந்து மூடியின் மரையில் படிகம் படிந்திருந்தால், திருகும் உராய்விலேயே வெடிக்கலாம். பழைய ஈதரும் அப்படித்தான்: காற்றோடு சேர்ந்து பெராக்சைடு உண்டாகியிருக்கும். எண்ணெயில் கிடக்கும் சோடியத்தைத் தொட்டியில் கொட்டாதீர்கள். பாதரசம் சிந்தியிருந்தால் வேக்வம் கிளீனர் கூடாது, ஆவியாக அறை முழுக்கப் பரப்பிவிடும். கதவைச் சாத்திவிட்டு, ஆபத்தான கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களை அழையுங்கள். அதற்கு முன் லேபிளை மட்டும் தூரத்திலிருந்து படமெடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டுகளில் தேதி இல்லையென்றால் வானமே தேதி சொல்லும். விடியற்காலை வால்மீன் என்றால் 1970 மார்ச், ஏப்ரலில் வந்த பென்னெட் வால்மீனா என்று பாருங்கள். அதைக் கண்டுபிடித்தவரும் பிரிட்டோரியாக்காரர்தான். 'பெரிய மெகல்லன் மேகத்தில் (தென்வானில் தெரியும் பக்கத்து விண்மீன் மண்டலம்) புது நட்சத்திரம்' என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம், 1987 பிப்ரவரி கடைசியிலோ அதற்குப் பிறகோ எழுதியது. வெடித்துப் பிரகாசித்த அந்த நட்சத்திரம் (சூப்பர்நோவா) டர்பனில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. சென்னையில் அடிவானத்தை ஒட்டித்தான் வரும். இந்த ஒரு விஷயத்தில் டர்பன்காரருக்குத்தான் யோகம். சான்றிதழில் சாலிஸ்பரி தீவு என்றிருந்தால், அது டர்பன் துறைமுகத்தில் இருந்த தீவு; இந்தியருக்கென்று 1961இல் அங்கே தொடங்கிய கல்லூரி; படகேறிப் போய்ப் படித்த கூட்டம். உடன் படித்தவர்களைத் தேட அது போதும்.

கேசட்டை ஆசையாக உடனே போட்டுவிடாதீர்கள். டர்பன் ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். ஓடவிட்டால் பிளேயருக்கும் அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். அதைத் தனியே எடுத்து வையுங்கள். நல்ல கேசட்டிலும் நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் சத்தம் மங்கும். ஒருமுறை முழுக்க ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும்.

காய்ந்த செடித் தாள்களில் பூச்சி இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் மூடி, -18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஒரு நாள் விடுங்கள். இல்லையென்றால் தாளில் நீர்த்துளி படிந்துவிடும். செடியைவிட ஓரத்துச் சீட்டுதான் முக்கியம்: எங்கே, எந்தத் தேதியில் பறித்தார் என்பது அதில்தான் இருக்கும்.

இவற்றை எங்காவது ஒப்படைக்க நினைத்தால், குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. பெட்டியோடு போய் நிற்காமல், பட்டியலை முதலில் அனுப்பிக் கேளுங்கள்.

தமிழ்க் கையெழுத்து உங்களுக்கு ஓடவில்லை என்றால், படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நடுவில் நிறுத்தி, 'இது அவர் எழுத்தில்லையே, அவங்க அண்ணன் எழுத்து' என்று அவர் ஆரம்பித்தால் ரெக்கார்டரை நிறுத்திவிடாதீர்கள்.