கேள்வி – பதில்: வரித்தலை வாத்தும் எவரெஸ்ட்டும்

கேள்வி: கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகள் எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலாகப் பறந்து வருவதாகப் பள்ளியில் படித்தோம். அது உண்மையா? யார், எப்படி அளந்தார்கள்? (நாங்குநேரி வாசகர்)

பதில்: அவை இமயமலையைத் தாண்டுவது உண்மை. எவரெஸ்ட் கதை மலையேறிகளின் வாய்மொழியாகப் பிறந்து, ஏட்டில் ஏறி, அங்கேயே தங்கிவிட்டது. இந்தியாவிலும் மங்கோலியாவிலும் இவ்வாத்துகளைப் பிடித்து, சூரிய ஒளியில் இயங்கும் செயற்கைக்கோள் கருவியை முதுகில் கட்டிவிட்டு நடத்திய ஆய்வுகளின் முடிவுகள் 2011 முதல் வெளிவந்த பிறகே இதில் தெளிவு பிறந்தது. அவற்றில் பதிவான மிக அதிக உயரம் 7,290 மீட்டர். எவரெஸ்ட்டின் உயரம் 8,849 மீட்டர். மிகப் பெரும்பாலான பதிவுகள் 6,000 மீட்டருக்கும் கீழே உள்ளவை. கருவி இடைவெளி விட்டுத்தான் இடத்தையும் உயரத்தையும் குறிக்கும் என்பதால், 7,290 மீட்டர் என்பது பதிவில் அகப்பட்ட உச்சமே தவிர, எந்த வாத்தும் அதற்கு மேல் போனதே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

வடக்கே திரும்பும்போது அவை மலையின் தென்சரிவை ஏழெட்டு மணி நேரத்தில் ஏறிவிடுகின்றன. பகலில் சரிவின் மீது மேல்நோக்கி வீசும் காற்றைத் துணையாகக் கொள்ளும் என்று எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அவை பெரிதும் இரவிலும் விடியற்காலையிலும்தான் ஏறின. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. அதில் சிறகு நன்றாகப் பிடித்து உந்தும், ஆக்சிஜனும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். இதயத் துடிப்பையும் காற்றழுத்தத்தையும் பதியும் சிறு கருவிகளை உடலுக்குள் பொருத்தி நடத்திய மற்றோர் ஆய்வு 2015இல் வெளியானது. ஒரே உயரத்தில் நிலையாகப் பறக்காமல், தரை உயர்ந்தால் உயர்ந்தும் தாழ்ந்தால் தாழ்ந்தும் நிலத்தை ஒட்டியே அவை செல்கின்றன என்று அது காட்டியது. பெற்ற உயரத்தை விட்டுக் கொடுத்துவிட்டு மீண்டும் ஏறுவது வீண் உழைப்பாகத் தோன்றலாம். ஆயினும் மெல்லிய காற்றில் சிறகடிப்பு சிறிதளவு கூடினாலே இதயத் துடிப்பு பெரிதும் எகிறுவதால், இறங்கி ஏறுவதே மொத்தத்தில் சிக்கனமாகிறது. என்னைக் கேட்டால், எவரெஸ்ட் கதையைவிட இதுவே பெரிய வியப்பு.

கேள்வி: தகைவிலான் போன்ற சிறு பறவைகளுக்கு ஏன் இக்கருவியைக் கட்டுவதில்லை? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: எடைதான் தடை. பறவையின் எடையில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் சுமை கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. சுமார் 20 கிராம் எடையுள்ள தகைவிலானுக்கு அது 0.6 கிராம்தான். அதற்குள் அடங்குவது ஒளியளவையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளும் சிறு கருவி. பகலின் நீளத்திலிருந்து அட்சரேகையையும், நண்பகல் நேரத்திலிருந்து தீர்க்கரேகையையும் கணக்கிடுவர். பிழை 150, 200 கிலோமீட்டர்கூட வரலாம். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் உலகெங்கும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் அட்சரேகை பிடிபடாமல் போகும். பறவைகள் வலசை போகும் காலமும் பெரும்பாலும் அதுவே என்பதுதான் சங்கடம். போதாக்குறைக்கு, தரவைப் பெற அதே பறவையை மறுபடியும் பிடித்தாக வேண்டும். இத்தனைக்கும் இடையில்தான், 1.4 கிராம் எடையுள்ள இத்தகைய கருவியைக் கொண்டு, தகைவிலானைவிடப் பெரிய கடற்பறவையான ஆர்க்டிக் ஆலா ஆண்டுக்குச் சராசரியாக 70,900 கிலோமீட்டர் பறக்கிறது என்று 2010இல் கண்டறிந்தார்கள்.

கேள்வி: விலங்கியல் மாணவன் நான். கருவி வாங்க வசதியில்லாமல் இத்துறையில் ஆய்வு செய்ய முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: முடியும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தோடு இணைந்த மூவ்பேங்க் என்னும் தரவுக் களஞ்சியத்தில் உலக ஆய்வாளர்கள் தம் தரவுகளைச் சேமிக்கிறார்கள். சில தொகுப்புகள் எல்லோருக்கும் திறந்தவை; மற்றவற்றுக்கு உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

தரவு கைக்கு வந்ததும் எத்தனை வரிகள் என்று எண்ணி மகிழாமல், எத்தனை பறவைகள் என்று முதலில் பாருங்கள். 2013இல் நாகாலாந்தின் தொயாங் நீர்த்தேக்கத்தருகே 5 கிராம் கருவி பொருத்தப்பட்ட அமுர் வல்லூறுகள் மூன்றே மூன்று. அவை அரபிக்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா சென்றதைக் கருவிகள் ஐயமறக் காட்டின. ஆனால் தரவில் எத்தனை ஆயிரம் புள்ளிகள் இருந்தாலும், அந்த இனத்தின் எல்லாப் பறவைகளும் அதே வழியில்தான் போகும் என்று மூன்றை வைத்து எழுத முடியாது. ஜிபிஎஸ் இல்லாத செயற்கைக்கோள் கருவியானால், ஒவ்வொரு புள்ளிக்கும் தரப்பட்டிருக்கும் துல்லியக் குறியீட்டைப் பார்க்காமல் வரைபடம் போடாதீர்கள். சமிக்ஞை நின்றுவிட்டால் பறவை இறந்தது என்று முடிவு கட்டவும் வேண்டாம். மின்கலம் தீர்ந்திருக்கலாம், கட்டு அறுந்து கருவி விழுந்திருக்கலாம். மூவ்பேங்க் தரவில் நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தியாவின் மேல் பறந்த பறவைக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டாவிட்டால், அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்ட வாத்து முந்தைய நாள் இரவு பத்தரைக்கே கிளம்பியதாக உங்கள் கட்டுரை சொல்லும்.