240 இசட்டுக்கு எந்த இன்ஜின்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1972-ஆம் வருட டாட்சன் (நிஸ்ஸான்) 240 இசட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். இன்ஜின் ஜாம் ஆகிக் கிடக்கிறது, பாடி பார்க்க நன்றாகவே இருக்கிறது. நண்பர் ஒருவர் நிஸ்ஸான் ஸ்கைலைன் காரிலிருந்து இறக்கிய ஆர்.பி.25 டர்போ இன்ஜினை கியர்பாக்ஸோடு தருகிறேன் என்கிறார். இன்னொருவர், இசட் வரிசையின் பழைய எல்28 இன்ஜினைப் பெரிதாக்கி மூன்று கார்புரேட்டர் போடு, அதுதான் அழகு என்கிறார். எனக்கு 300 குதிரைசக்தி வேண்டும். எந்த இன்ஜினை வாங்கலாம்?

பதில்: இன்ஜினைக் கடைசியாக வாங்குங்கள். நண்பரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, முதலில் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் போய்ப் பாருங்கள்.

"பாடி பார்க்க நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் காரைப் பொறுத்தவரை அந்த வார்த்தையை நான் நம்புவதில்லை. பேட்டரி வைக்கும் தட்டின் கீழ், தரைத் தகரம், தரைக்கு அடியில் ஓடும் பெட்டி ரெயில், கதவுக்குப் பின்னால் சக்கர வளைவு தொடங்கும் மூலை, ஸ்டெப்னி கிடக்கும் குழி, எல்லாம் துரு பிடிக்கும் இடங்கள். கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் பகுதியையும் விடாதீர்கள். மழுங்கிய ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் அங்கே தகரம் இல்லை, பெயிண்ட்தான் இருக்கிறது. 1969-இல் இந்தக் கார் வெளிவந்தபோது எடை ஆயிரம் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அந்த எடைக்கு வர மெல்லிய தகரத்தில்தான் செய்தார்கள். அதன் எல்24 இன்ஜின் 2393 சிசி, 151 குதிரைசக்தி. அதுவும் அன்றைய கிராஸ் கணக்கு, அதாவது சைலன்சர், ஃபேன் போன்ற சுமைகள் இல்லாமல் இன்ஜினைத் தனியாக வைத்து அளந்தது. அதைப்போல இரண்டு மடங்கை இந்தப் பாடியில் ஏற்றப் போகிறீர்கள். துரு பிடித்த ரெயிலை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்காமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

அடுத்தது பின்பக்கம். உங்கள் காரில் இருப்பது ஆர்180 டிஃபரன்ஷியல். அந்த 180 என்பது கிரவுன் வீலின் விட்டம், மில்லிமீட்டரில். பின்னாளில் 280 இசட்டில் ஆர்200 வந்தது. டர்போவின் டார்க்கை வருடக்கணக்காகத் தாங்க அதுதான் சரி. அது 240-க்குள் உட்காரும். பின்பக்க மவுண்ட்டிங்கை மட்டும் அதற்கேற்ற பட்டையாக மாற்ற வேண்டியிருக்கும். அரை ஷாஃப்ட்டுகளின் யுனிவர்சல் ஜாயின்ட்டைக் கையால் திருகிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று வந்த பிரேக்கை 300 குதிரைசக்திக்கு நம்ப முடியாது. டொயோட்டாவின் பழைய நான்கு சக்கர இழுவை பிக்கப்பில் வரும் நான்கு பிஸ்டன் காலிப்பர் இந்தக் காரின் முன் ஸ்ட்ரட்டில் அப்படியே போல்ட் ஆகும். பல காலமாகச் செய்துவரும் மாற்றம் அது, நன்றாக வேலை செய்கிறது. ரப்பர் ஹோஸ்களையும் மாஸ்டர் சிலிண்டரையும் கூடவே மாற்றிவிடுங்கள்.

சரி, இப்போது இன்ஜினுக்கு வருவோம்.

ஆர்.பி.25 டர்போ 2498 சிசி. ஆர்33 ஸ்கைலைனில் கம்பெனி கொடுத்ததே 250 குதிரைசக்தி. எனவே அதிலிருந்து 300 எடுப்பது பெரிய காரியமில்லை. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்க நல்ல இன்ட்டர்கூலர், தடையில்லாத எக்ஸாஸ்ட், சரியாக டியூன் செய்த ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), இவை போதும். சிரமமெல்லாம் சுற்றியுள்ளவற்றில் இருக்கிறது. எல் இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், இடப்பக்கம். ஆர்.பி.யில் டர்போ வலப்பக்கம் வரும். ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள காரானால் ஸ்டீயரிங் ஷாஃப்ட், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இரண்டும் அந்தச் சூட்டின் பக்கத்திலேயே இருக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரைக்குப் போய்விடும். வெப்பத் தடுப்புத் தகடு இல்லாமல் இந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பெட்ரோல் லைன் இன்னொன்று. கார்புரேட்டருக்கு 3, 4 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். ஆர்.பி.யின் இன்ஜெக்டர்களுக்கு 43 பி.எஸ்.ஐ. வேண்டும், அதாவது 3 பார். பழைய பம்ப் உதவாது, பழைய ரப்பர் குழாயும் உதவாது. ரிட்டர்ன் லைனும் வேண்டும். பழைய டாங்கில் தடுப்புத் தகடு இருக்காது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும், சரியாக அந்த நேரம் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) முழுதாக இருந்தால் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். அதனால் இடையில், எப்போதும் பெட்ரோல் நிறைந்திருக்கும் ஒரு சின்ன சர்ஜ் டாங்க் கட்டாயம். அப்புறம் வயரிங். நண்பர் இன்ஜினோடு முழு ஹார்னஸையும் (வயர் கட்டு) ஈ.சி.யூ.வையும் தருகிறாரா என்று கேளுங்கள். கனெக்டரை வெட்டி எடுத்த ஹார்னஸ் என்றால், அதைத் தொடாமல் புதிய ஈ.சி.யூ.வும் புதிய வயரிங்கும் போடுவது நல்லது.

வாங்கும் முன் ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள், முடிந்தால் லீக்-டவுன் சோதனையும் (சிலிண்டரில் காற்றேற்றிக் கசிவு பார்ப்பது) செய்யுங்கள். இந்தக் குடும்பத்து இன்ஜின்களில் ஆயில் பம்ப் ஒரு பலவீனமான இடம். பம்ப்பின் பல்லை கிராங்க்கின் முனையில் உள்ள காலர்தான் சுற்றுகிறது. பழைய கிராங்க்குகளில் அந்தக் காலர் குட்டை. ரெவ் லிமிட்டரில் (சுழற்சியின் உச்ச வரம்பு) அடிக்கடி முட்டவிட்டால் பம்ப்பின் கியர் உடையும், ஆயில் அழுத்தம் ஒரு நொடியில் காணாமல் போகும். இன்ஜின் வெளியே இருக்கும்போதே பம்ப்பையும் காலரையும் சரி செய்துவிடுங்கள். உள்ளே ஏற்றிய பிறகு அதே வேலைக்கு மறுபடி இன்ஜினை இறக்க வேண்டும்.

இன்னொரு நண்பர் சொன்ன எல்28 யோசனைக்கு வருகிறேன். மனதுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். உங்கள் எல்24-இன் போர் (சிலிண்டர் விட்டம்) 83 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 73.7. எல்28-இல் 86, 79. அதன் பிளாக் உங்கள் கார் மவுண்ட்டிங்கிலேயே உட்காரும், உங்கள் கியர்பாக்ஸும் பொருந்தும். தகரத்தை எங்கும் வெட்ட வேண்டாம். இதே குடும்பத்தில் எல்.டி.28 என்று ஒரு டீசல் இன்ஜின் இருந்தது, அதன் கிராங்க் ஸ்ட்ரோக் 83. அந்தக் கிராங்க்கை எல்28 பிளாக்கில் போட்டு, போரை 89 ஆக்கினால் சுமார் 3.1 லிட்டர் கிடைக்கும். அதோடு மூன்று சோலெக்ஸ் கார்புரேட்டரும் நல்ல ஹெட் வேலையும் சேர்ந்தால் 250 குதிரைசக்தியை ஒட்டி நியாயமாக வரும். ஆக்ஸிலரேட்டர் பெடலைத் தொட்டதும் ஆறு தொண்டையும் ஒன்றாகத் திறக்கிற அந்தச் சத்தமும் உடனடி இழுவையும் டர்போவில் வராது.

ஆனால் 300 வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் டர்போ இல்லாத எல் இன்ஜின் உங்களுக்கு வேண்டாம். அதற்குப் போடும் கேம் ஷாஃப்ட்டால் இன்ஜின் ஐடிலில் குலுங்கும், சாதாரணப் பயணத்தில் கீழ்ச்சுழற்சியில் இழுக்காது, தினமும் ஓட்டினால் வெறுத்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, உங்கள் நண்பர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. 1981 முதல் 1983 வரை 280 இசட்.எக்ஸில் டர்போ எல்28 வந்தது, 180 குதிரைசக்தி. கம்ப்ரஷன் 7.4-க்கு 1 என்பதால் பூஸ்ட் ஏற்ற இடமுண்டு. மவுண்ட்டிங் பழையதேதான், டர்போவும் இடப்பக்கமே இருக்கும். இன்றைய ஈ.சி.யூ., இன்ட்டர்கூலர், கொஞ்சம் பெரிய டர்போ வைத்தால் 300 எட்டும் தூரம்தான். முழு பூஸ்ட்டில் காற்று பெட்ரோல் விகிதம் 12-க்கு மேல் ஏறாமல் எக்ஸாஸ்ட்டில் பொருத்தும் வைட்பேண்ட் சென்ஸாரில் பார்த்துக்கொண்டே டியூன் செய்யுங்கள். பூஸ்ட்டைக் கூட்டும்போது இக்னிஷன் டைமிங்கைக் குறையுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் இந்த இன்ஜினைத் தேடுவேன். கிடைக்காவிட்டால் நண்பரின் ஆர்.பி.25. கம்ப்ரஷன் சரியாக இருந்தால் மட்டும்.

எதைப் போட்டாலும், காலி பிளாக்கையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகப் பூட்டி முதலில் உள்ளே இறக்கிப் பாருங்கள். கிராஸ் மெம்பருக்கும் (முன்னால் குறுக்கே வரும் சட்டம்) சம்ப்புக்கும் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) நடுவே எவ்வளவு இடைவெளி, கியர் லீவர் எங்கே வருகிறது, பானெட் மூடுகிறதா, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எவ்வளவு குறைய வேண்டும், எல்லாம் அப்போதுதான் தெரியும். கியர்பாக்ஸ் வெளிமுனையின் கோணமும் டிஃபரன்ஷியல் பினியனின் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக வரவேண்டும். இல்லாவிட்டால் வேகம் ஏற ஏற ஒரு அதிர்வு வரும், ஷாஃப்ட்டை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் அது போகாது.

கேள்வி: ஐயா, என் 240 இசட்டுக்கு ஸ்கைலைன் ஜி.டி.ஆர்-இன் ஆர்.பி.26 இன்ஜினையே போட்டுவிட்டால் என்ன?

பதில்: தாராளமாகப் போடலாம், ஆனால் சம்ப்பை மாற்றாமல் முடியாது. ஜி.டி.ஆர் நான்கு சக்கர இழுவைக் கார் என்பதால் முன் டிஃபரன்ஷியல் சம்ப்போடு சேர்ந்தே இருக்கும், அச்சு அதன் ஊடாகப் போகும். பின்சக்கர இழுவைக்கான சம்ப்பும் கியர்பாக்ஸும் தனியாகத் தேட வேண்டும். ஆர்.பி.26-இன் போர் 86, ஸ்ட்ரோக் 73.7. அதாவது எல்28-இன் போரும் எல்24-இன் ஸ்ட்ரோக்கும். அந்தக் கணக்கைப் பார்க்கும்போது இந்த இன்ஜின் உங்கள் காருக்கு அந்நியமில்லை என்று தோன்றும், எனக்கும் தோன்றுகிறது.

கேள்வி: டொயோட்டா ஏ.இ.86 லெவின் காரில் இருபது வால்வு 4ஏ-ஜி.இ. இன்ஜின் போட ஆசை. நேராக உட்காருமா?

பதில்: பிளாக்கும் கியர்பாக்ஸும் சேரும், பழைய டி50 கியர்பாக்ஸ் போதும். சிக்கல் இன்ஜினின் பின்பக்கத்தில். இருபது வால்வு இன்ஜின் முன்சக்கர இழுவைக் காரில் குறுக்காகக் கிடந்தது. அதன் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் பின்முனையில் இருக்கிறது. நெடுக்காக வைத்தால் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகரச் சுவர்) இடிக்கும். தகரத்தை அடித்துக் குழியாக்குவோர் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு காயில்களும் தனி ஈ.சி.யூ.வும் போடுங்கள். பின்னால் வரும் தண்ணீர் வழியையும் முன்பக்கம் திருப்ப வேண்டும். 1991-இல் வந்த வெள்ளி மூடி இன்ஜின் 160 குதிரைசக்தி, 1995-இல் வந்த கறுப்பு மூடி 165. இரண்டில் கறுப்பைத் தேடுங்கள், அதில் ஏர்ஃப்ளோ மீட்டர் பெட்டி கிடையாது, நான்கு தனித்தனி த்ராட்டிலின் முன்னால் இடம் மிச்சமாகும்.

கேள்வி: கழற்றிய பழைய ஒரிஜினல் இன்ஜினை விற்றுவிடலாமா?

பதில்: விற்காதீர்கள். எண் பொருந்திய இன்ஜின் கூட இருந்தால் நாளை யாராவது காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை மூடி, அவ்வப்போது கிராங்க்கைக் கையால் சுற்றி வையுங்கள். உங்களுடையது சுமார் 420 மட்டுமே செய்யப்பட்ட ஃபேர்லேடி இசட் 432 (ஜப்பானில் விற்ற இசட்) என்றால், அதில் இருப்பது முதல் ஸ்கைலைன் ஜி.டி.ஆர்-இன் எஸ்20 இன்ஜின். அந்தக் காரில் இன்ஜின் மாற்றும் பேச்சையே எடுக்காதீர்கள், இருப்பதை நல்ல கையில் கொடுத்து ரிப்பேர் செய்யுங்கள்.