பதினைந்து வருடமாகப் பிடிக்கிறேன். சிகரெட்டை விடுவதற்கான மருத்துவ ஆய்வுகளை எங்கே தேடுவது? சேர்ந்தால் சோதனை எலி ஆகிவிடுவோமா?

சேரலாம். நானே சேர்ந்தவன். அதிலும் "அந்தப் பக்கம் விழுந்தா உனக்கு ஒண்ணுமே கிடைக்காது" என்று பலரும் பயமுறுத்தும் ஒப்பீட்டுக் குழுவில்தான், அதாவது புது முறையைத் தராமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழுவில்தான், என் பெயர் வந்தது. பதினைந்து வருடப் பழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் புத்தாண்டு அன்று விட்டுப் பார்த்திருப்பீர்கள், மாலை போட்டு ஒரு மண்டலம் விட்டுப் பார்த்திருப்பீர்கள், மலையிறங்கி வந்ததும் பஸ் ஸ்டாண்டில் மறுபடி பற்ற வைத்தும் இருப்பீர்கள். அதனால் "மனசு வெச்சா முடியும்" என்ற அறிவுரையை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

நான் டாக்டர் இல்லை, மருந்துக் கம்பெனி ஆளும் இல்லை. கோயம்புத்தூரில் உலோகம் வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறேன். இதைச் சொல்லக் காரணம், இந்த விஷயத்தை எங்கே பேசினாலும் "உனக்கு எவ்வளவு கொடுத்தாங்க" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். பஸ் செலவு கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

தேடுவதைப் பற்றி முதலில். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இணையத்தில் நடத்தும் ஒரு பதிவேடு இருக்கிறது, சிடிஆர்ஐ (CTRI) என்பார்கள். 2007ல் ஆரம்பித்தது. 2009 ஜூனிலிருந்து மருந்து ஆய்வுகளை அதில் பதிவு செய்வது கட்டாயம், 2018 ஏப்ரலிலிருந்து முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். ஆங்கிலத்தில் ஸ்மோக்கிங் செசேஷன் (smoking cessation, புகையை விடுவது), டொபாக்கோ செசேஷன் (tobacco cessation), நிகோட்டின் (nicotine) என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒன்றில் வராதது இன்னொன்றில் வரும். ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு நீளமான பக்கம் வரும். அதில் எந்த ஊரில் எந்த மருத்துவமனையில் நடக்கிறது, ஆள் சேர்க்கை திறந்திருக்கிறதா, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், பொதுமக்கள் யாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், எல்லாம் இருக்கும். முதுகலை மாணவர் ஒருவரின் தீசிஸுக்காக நடக்கும் ஆய்வா என்பதும் போட்டிருக்கும். அதைக் கட்டாயம் பாருங்கள். ஆள் சேர்க்கை நடப்பதாகப் பக்கத்தில் இருந்ததை நம்பி நான் முதலில் கூப்பிட்ட இடத்தில், அந்த மாணவர் படிப்பை முடித்துவிட்டு வேறு ஊருக்கே போய்விட்டார், பக்கத்தை மாற்ற யாருக்கும் நேரமில்லை. அதனால் போனில் பேசி உறுதி செய்யாமல் லீவு போட்டுக் கிளம்பாதீர்கள். இன்னொன்று, பதிவேட்டில் பெயர் இருப்பதால் அரசாங்கமே அது நல்ல ஆய்வு என்று முத்திரை குத்தியதாக ஆகாது. யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பது வெளியே தெரியும், அதுதான் அதன் பயன்.

யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற பகுதியை இரண்டு தடவை படியுங்கள். சமீபத்தில் நெஞ்சுவலி வந்தவர்கள், கர்ப்பிணிகள், சிகரெட்டோடு புகையிலையும் போடுபவர்கள், ஏற்கெனவே விடுவதற்கு மருந்து எடுப்பவர்கள் என்று பல ஆய்வுகளில் ஒரு பட்டியல் இருக்கும். குடிப்பழக்கத்துக்கும் இப்படித்தான். கோவாவில் டாக்டர் அல்லாத ஆலோசகர்களை வைத்து நடத்தி 2017ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு பேசப்பட்ட ஒன்று. அதில், குடி எந்த அளவுக்குப் பிரச்சினை என்று அளக்கும் ஆடிட் என்ற கேள்வித்தாளில் 12 முதல் 19 மதிப்பெண் வாங்கிய ஆண்களைத்தான் எடுத்தார்கள். 20ஐத் தொட்டவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் அதில் இடமில்லை. திருப்பி அனுப்பினால் அவமானப்பட ஒன்றுமில்லை, வேறு ஆய்வு பார்க்க வேண்டியதுதான்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவைச் சர்க்கரை பார்க்க அழைத்துப் போன மருத்துவமனையில், ரத்தம் எடுக்கும் இடத்துத் தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதிலிருந்த பதிவு எண்ணை சிடிஆர்ஐயில் போட்டுப் பார்த்தேன், இருந்தது. வீட்டில் சொன்னதும் பெரியப்பா, "வேண்டாங் கண்ணு, உன்னைய எலியாக்கி உட்ருவாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2009ல் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிக்கூடப் பெண்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்ட திட்டத்தில், பெற்றோருக்குப் பதிலாக ஹாஸ்டல் வார்டன்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டதை நாடாளுமன்றக் குழுவே கண்டித்தது. பயம் காரணமில்லாமல் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மருந்து ஆய்வுகளுக்கு 2019ல் புது விதிகள் வந்தன. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. மருந்தில்லாமல் ஆலோசனை மட்டும் தரும் ஆய்வுகளுக்கு ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும் எந்த நிமிடமும் விலகலாம், விலகினால் உங்கள் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஒப்புதல் படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும், ஆய்வு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவைத் தொடர்பு கொள்ளும் விவரம் அதில் இருக்க வேண்டும். பிரதி தர மாட்டோம் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் ஆய்வில் இரண்டு குழு. ஒரு குழுவுக்கு ஒரு முறை நேரில் ஆலோசனை, தம் ஏக்கத்தைக் குறைக்க 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம். இன்னொரு குழுவுக்கு அதோடு வாரா வாரம் போனில் கூப்பிட்டுப் பேசுவார்கள். யார் எதில் என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும், டாக்டர் கையில் இல்லை. எனக்குப் போன் இல்லாத குழு வந்தது. என்னோடு அன்றைக்குச் சேர்ந்த இன்னொருவருக்கும் அதே குழு. "அப்ப நாம எதுக்குங்க வரணும்" என்று கோபித்துக்கொண்டு அப்படியே போய்விட்டார். இங்கேயும் பலர் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள், அதற்காகவே இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

ஃபவுண்டரியில் புது மணல் கலவை வந்தால், பழைய கலவையில் வார்த்த உருப்படியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் புதுசு தேவலை என்று எவனாலும் சொல்ல முடியாது. ஆய்வில் ஒப்பீட்டுக் குழுதான் அந்தப் பழைய உருப்படி. கேரளாவில் புகைபிடிக்கும் சர்க்கரை நோயாளிகள் 224 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013ல் வெளிவந்தது. டாக்டரின் அறிவுரையும் துண்டுப் பிரசுரமும் மட்டும் கிடைத்த குழுவில் ஆறு மாதம் கழித்து 12.5 சதவீதம் பேர் விட்டதாகச் சொன்னார்கள். கூடவே ஆலோசனையும் கிடைத்த குழுவில் 51.8 சதவீதம். அந்த முதல் குழுவில் இருந்த ஆண்கள் கோபித்துக்கொண்டு போயிருந்தால் இரண்டாவது எண்ணுக்கு என்ன மதிப்பு? ஆலோசனை வேலை செய்கிறது என்று இன்றைக்கு ஒரு டாக்டர் தைரியமாகச் சொல்வதில் அவர்களுக்குப் பாதிப் பங்கு உண்டு. அந்த மாதிரி ஒரு இடத்தில் நானும் இருந்தேன் என்பதில் எனக்கு நிஜமாகவே பெருமைதான்.

அப்புறம், ஒன்றுமே கிடைக்காது என்பதும் தப்பு. காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் தம் என்று ஆரம்பிக்கும் ஆறு கேள்விகள் கேட்டார்கள், நிகோட்டினுக்கு எவ்வளவு அடிமை என்று அளப்பது, ஃபாகர்ஸ்ட்ராம் என்று பெயர், மொத்தம் 10 மதிப்பெண். என் பழக்கத்தை ஒருவர் உட்கார்ந்து திட்டாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. சூயிங்கத்தை எப்படி மெல்லுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். சுருக்கென்று காரம் தெரியும்வரை மென்றுவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். சும்மா மென்றுகொண்டே இருந்தால் விக்கல்தான் வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்னாடி டீ, காபி கூடாது, குடித்தால் நிகோட்டின் சரியாக வாயில் இறங்காது. எங்கள் ஊரில் பேக்கரி டீயும் தம்மும் சேர்ந்தே வரும், கடை வாசலில் கயிற்றில் லைட்டரும் தொங்கும், அந்த டீயைத் தள்ளிப் போட்டதே எனக்குப் பாதி வேலையைச் செய்தது.

ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு மெஷினில் மூச்சை ஊதச் சொல்வார்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று காட்டும். பல ஆய்வுகளில் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கீழே இருந்தால் புகைக்காதவர் கணக்கு. அந்த எண் என் கண் முன்னால் இறங்கியதைப் பார்த்த சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்கவில்லை. இடையில் மறுபடி பிடித்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருக்காதீர்கள். திரும்பி வராதவரைப் பெரும்பாலும் புகைப்பவராகத்தான் கணக்கு வைப்பார்கள். போனால் உண்மையாவது பதிவாகும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். சிகரெட்டை விட்டு, சூயிங்கம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் டேர்ம் இன்சூரன்ஸ் என்ற ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். மெடிக்கலில் கோட்டினின் பரிசோதனை. நிகோட்டின் உடம்பில் மாறி வரும் பொருள் அது, சிகரெட்டிலிருந்து வந்ததா சூயிங்கத்திலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. கார்பன் மோனாக்சைடு புகையில்தான் வரும், சூயிங்கத்தில் வராது, அதனால்தான் சூயிங்கம் கொடுக்கும் ஆய்வுகளில் மூச்சை ஊதச் சொல்கிறார்கள். இதை விளக்கி, மெஷின் காட்டிய எண்களையும் இணைத்துக் கடிதம் எழுதினேன். புகைப்பவர் பிரீமியம்தான் என்று பதில் வந்தது. விட முயற்சி செய்பவனும் பாக்கெட் பாக்கெட்டாகப் பிடிப்பவனும் ஒரே விலையா? நிகோட்டின் மருந்தில் இருப்பவர்களுக்கு மூச்சுப் பரிசோதனை வைக்க என்ன செலவாகிவிடும்? இன்று வரை எனக்கு ஆறவில்லை. நீங்கள் பாலிசி எடுக்கும் எண்ணத்தில் இருந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு தருகிறோம், ஆரோக்கியமான ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஏஜென்ட் அனுப்புவது வேறு வகை. உடம்பில் மருந்து எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் ஆய்வுகள் அவை, உங்கள் பழக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆய்வு கிடைக்கும்வரை பிடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டாம். 1800 11 2356 என்ற தேசிய எண்ணுக்கு இலவசமாகக் கூப்பிடலாம். சென்னைப் பக்கம் என்றால் அடையாறு புற்றுநோய் மையத்தில் புகையிலை நிறுத்தப் பிரிவு இருக்கிறது. ஆனால் ஆய்வில் சேரும் எண்ணம் இருந்தால், மருந்து எதையும் தொடங்குமுன் ஆய்வுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஏற்கெனவே மருந்தில் இருந்தால் பல இடங்களில் எடுக்க மாட்டார்கள். எந்த ஊர் என்று எழுதினால் பதிவேட்டில் நானும் ஒரு தடவை தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.