இலியாக் வீக்கம்: கோர் ஐபிஇயா, குக் கிளைக் கிராஃப்டா?

அப்பாவுக்கு வலது பொது இலியாக் தமனியில் (வயிற்றுப் பெருந்தமனி பிரிந்து காலை நோக்கிப் போகும் குழாய்) 38 மி.மீ. வீக்கம், அதிலிருந்து பிட்டத்துக்கும் இடுப்புக்கும் ரத்தம் கொண்டுபோகும் உள் இலியாக் தமனி 11 மி.மீ. என்கிறீர்கள். அந்தக் கிளையைக் காப்பாற்றும் இரண்டு செயற்கைக் குழாய்களில், கோர் நிறுவனத்தின் ஐபிஇயா, குக் நிறுவனத்தின் கிளைக் கிராஃப்டா என்று கேட்டீர்கள். பழுது பார்ப்பதைப் பற்றி யோசிக்கும் அளவுதான். சிலர் 35-ஐத் தாண்டினாலே யோசிப்பார்கள், சிலர் 40 வரை பொறுப்பார்கள். உள் இலியாக்கை அடைத்துவிட்டு ஸ்டென்ட் (தமனியைத் தாங்கும் உட்குழாய்) போடுவது சுலபம். ஆனால் நடக்கும்போது பிட்டத்தில் வலி பிடித்து உட்கார வைத்துவிடலாம். நன்றாக நடமாடுகிறவருக்கு அந்தக் கிளையைக் காப்பாற்றப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்த 11 மி.மீ. தான் முடிவு செய்யும். கோர் ஐபிஇயில் உள் இலியாக்குக்கென்றே தானாக விரியும் கிளைத் துண்டு உண்டு, 6.5 முதல் 13.5 மி.மீ. வரை பொருந்தும். குக்கில் பலூனால் விரிக்கும் உறையிட்ட ஸ்டென்டைத் தனியாக இணைக்க வேண்டும். அது 6 முதல் 9 மி.மீ. நாளத்துக்கே. 11-இல் பிடிப்பு தளர்ந்து ரத்தம் கசியலாம். அதனால் என் தேர்வு கோர்.

ஆனால் கோருக்கு நீளம் வேண்டும்: சிறுநீரகத் தமனிக்குக் கீழிருந்து உள் இலியாக் பிரியும் இடம்வரை சுமார் 165 மி.மீ. பொது இலியாக்கின் மேல்முனையும் குறைந்தது 17 மி.மீ. அகலம் இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் சி.டி. ஆஞ்சியோவை (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) ஒரு மி.மீ. துண்டுகளில் பார்க்கச் சொல்லி மூன்றைக் கேளுங்கள்: உள் இலியாக்கின் வாய் சுருங்கியிருக்கிறதா? அதில் 10 மி.மீ. ஆரோக்கியமான பிடிமானம் உண்டா? காலுக்குப் போகும் வெளி இலியாக் வளைந்து நெளிகிறதா? வளைவில் ஸ்டென்ட் மடங்கினால் காலுக்குப் போகும் ரத்தம் அடைபடலாம். சிகிச்சைக்குப் பிறகு காலில் திடீர் குளிர்ச்சியோ மரத்துப்போதலோ வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.