மீசை இருந்தும்

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபு 46 வயதிலேயே போய்விட்டாரே, குடியாலா, கர்வத்தாலா?

பதில்: என்னை உறுத்துவது குடியும் இல்லை, கர்வமும் இல்லை. உங்களுடைய அந்த ‘இருந்தும்’தான். குடை இருந்தும் நனைந்தார் என்றால் புரிகிறது. மீசை இருந்தும் நனைந்தார் என்றால்? மீசை எந்த மழையைத் தடுத்தது? சொல்லப்போனால், மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டிருப்பவர் மீசைக்காரர்தான். (எங்கள் மெய்ப்புத் திருத்துநர் இந்த ‘இருந்தும்’களை எல்லாம் ‘இருந்தபோதிலும்’ என்று நீட்டிவிடுவார். பதினைந்து வருடச் சண்டை. இந்தப் பக்கத்தில் கை வைத்தால் நடப்பதே வேறு என்று சொல்லியிருக்கிறேன்.)

குடித்தார், கடன்பட்டார், வாயை அடக்கத் தெரியாதவர். சரி. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ படம் பாதியில் நின்றது. கார் மாடிக்கே ஏறும்படி கட்டத் தொடங்கிய வீடும் கையை விட்டுப் போனது. தப்பு யார் மேல் என்று மாதம் ஒரு கடிதமாவது வருகிறது. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

ஆனால் இதெல்லாம் பெயர் வாங்கிய பிறகு நடந்தவை. 1952-லேயே, வாய்ப்புக்கு அலைந்துகொண்டிருந்த காலத்தில், ஜெமினி ஸ்டுடியோவுக்குள் தற்கொலைக்கு முயன்றவர் அவர். பிழைத்தவரைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள்; அன்று அது குற்றம். நீதிபதி முன் தீக்குச்சியைக் கிழித்துக் கையில் சுட்டுக்கொண்டு, சுட்டதைத்தான் உங்களால் பார்க்க முடியும், எரிச்சலை அல்ல என்கிற மாதிரி ஏதோ சொன்னாராம். அதை இன்றைக்கும் அவருடைய நடிப்புத் திறமைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள்! தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்று மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியது 2017-ல். ஒரு தீக்குச்சி எரிந்து முடிவதற்குள் அவர் சொன்னது, சட்டத்துக்கு எட்ட 65 வருடம்.

அப்புறம், எந்தக் கலைஞர் செத்தாலும் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று அச்சடிக்கிறோமே, ‘சமாளித்துக்கொள்ளலாம்’ என்று யாருக்காவது போட்டதுண்டா? சந்திரபாபு விஷயத்தில் மட்டும் அந்தத் தேய்ந்த வரியை அனுமதிப்பேன். குரலைச் சட்டென்று உடைத்து ஏற்றி இறக்கிப் பாடும் மேல்நாட்டு யோட்லிங்கைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்து, அது இங்கேயே பிறந்த சரக்கு போலப் பாடினார். நானும் ஒருநாள் குளியலறையில் முயன்று பார்த்தேன். கதவைத் தட்டி, “தொண்டையில் என்ன சிக்கிக்கொண்டது?” என்று கேட்டார்கள்.