எட்டிப் பார்க்கவே பயப்படும் பூனைக்குட்டிக்கு நல்ல வீடு எப்படித் தேடுவது?

பத்து வாரக் குட்டி ஒன்றை ஃபாஸ்டராக, அதாவது நிரந்தர வீடு கிடைக்கும்வரை, வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒட்டிக்கொள்கிறது, வேறு யார் வந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. பார்க்க வந்த இரண்டு குடும்பமும் "இன்னும் கொஞ்சம் கலகலப்பா இருந்தா எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இதை யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுத்துக்கொள்வார்கள். ஆனால் குட்டியைக் காட்டும் விதத்தை நீங்கள் மாற்ற வேண்டும். தெரியாத காலடிச் சத்தம், தெரியாத வாசனை, மேலேயிருந்து இறங்கி வரும் கை என்று அதற்கு எதெல்லாம் ஆகாதோ அதெல்லாம் ஒன்றுசேர்ந்து வரும் அரை மணி நேரத்தில்தான் நாம் அதை ஊருக்குக் காட்டுகிறோம். வந்தவர்கள் கண்ணில் பட்டது பயம் மட்டும்தான். ராத்திரி உங்கள் காலடியில் வந்து சுருண்டு படுக்கிறதே, அந்தக் குட்டியை அவர்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

ஆறு வருடமாகக் குட்டிகளை வளர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மசி என்ற கறுப்புக் குட்டி. ஒன்பது வாரத்தில் வந்தாள். முதல் வாரம் முழுக்க வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் குடியிருப்பு. வைத்த சாப்பாடு காலையில் தீர்ந்திருக்கும், மணல் தட்டில் தோண்டிய தடம் இருக்கும், வீட்டில் ஒரு பூனை இருப்பதற்கு அவ்வளவுதான் சாட்சி. எட்டாம் நாள் ராத்திரி தரையில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது கணுக்காலில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். அப்புறம் முழங்காலின் பின்பக்கம் லேசான ஒரு பாரம் ஏறி உட்கார்ந்தது.

அந்த ராத்திரியின் சந்தோஷத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். தத்து அறிவிப்பில் "கொஞ்சம் கூச்சம், இரண்டு நாளில் பழகிவிடும்" என்று எழுதினேன். சின்னப் பிள்ளைகள் இருந்த ஒரு குடும்பம் ஆசையாக வந்து எடுத்துப் போனது. நான்கே நாளில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரண்டு நாள் என்று நான் எழுதியதை நம்பினார்கள், மூன்றாம் நாள் கட்டிலை நகர்த்திப் பார்த்தார்கள். திரும்பி வந்த மசி பழையபடி வெளியே வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஒரு பொய்யான வரிக்கு ஒரு குட்டி கொடுத்த விலை அது. அதற்கப்புறம் "பழகிவிடும்" என்ற சொல்லை எந்த அறிவிப்பிலும் நான் எழுதுவதில்லை.

முதலில், இந்தப் பயம் உங்கள் வளர்ப்பில் வந்த குறை இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்குட்டி மனிதரை நம்பக் கற்றுக்கொள்ளும் காலம் மிகச் சிறியது, ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. 1980களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகளில், மூன்றாவது வாரத்திலிருந்தே மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டிகள், ஏழாவது வாரத்தில்தான் கை பட்ட குட்டிகளைவிட ஆளிடம் சீக்கிரம் வந்தன, அதிக நேரம் மடியில் இருந்தன. இன்னொன்றும் உண்டு. 1995இல் சாண்ட்ரா மெக்யூன் வெளியிட்ட ஆய்வு, தைரியமான அப்பாவுக்குப் பிறந்த குட்டிகள் தைரியமாக இருந்ததைக் காட்டியது. பெரும்பாலான குட்டிகள் அப்பாவைப் பார்ப்பதே இல்லை, ஆனாலும் அந்தக் குணம் கூடவே வந்துவிடுகிறது. உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே பாதி எழுதப்பட்டுவிட்டது. மீதிப் பாதியில் நிறைய செய்யலாம், ஏழு வாரம் தாண்டியதும் கதவு மூடிவிடுவதில்லை. நேரம்தான் கூடுதலாக வேண்டும்.

அதோடு ஒரு தடவை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காது கேளாமை, கண்ணில் கோளாறு, எங்காவது வலி, எல்லாமே வெளியில் பார்க்கக் கூச்சம் மாதிரிதான் தெரியும். குட்டி வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏற வேண்டும். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து நிறுத்துப் பார்த்தாலே போதும்.

சரி, அறிவிப்புக்கு வருவோம். மசிக்கு நான் இரண்டாவதாக எழுதியது இது: "மசி, பெண், பன்னிரண்டு வாரம். புது ஆட்களைக் கண்டால் ஒளிவாள். எங்கள் வீட்டில் வெளியே வர எட்டு நாள் ஆனது, உங்கள் வீட்டில் ஒரு மாதம்கூட ஆகலாம். வெளியே வந்தபின் காலோடு காலாக நடப்பாள், படுத்தால் முழங்காலுக்குப் பின்னால் வந்து படுப்பாள். சத்தம் குறைந்த வீடு வேண்டும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு இவளுக்குச் சரிவராது." பழைய அறிவிப்புக்கு நிறைய பேர் கூப்பிட்டார்கள். இதற்கு மூன்றே பேர். மூன்று பேருமே படித்துவிட்டுக் கூப்பிட்டவர்கள். நமக்குத் தேவை ஒரே ஒரு வீடு. பொருந்தாதவர்கள் அறிவிப்போடு விலகிக்கொண்டால் குட்டிக்கு ஒரு பயணம் மிச்சம்.

கூச்சக் குட்டிக்குப் படத்தைவிட வீடியோ நல்லது. அதுவும் யாரும் இல்லாத நேரத்தில், நீங்கள் தரையில் படுத்து, அதன் கண் உயரத்தில் போனை வைத்து எடுத்தது. இருபது விநாடி போதும்: கயிற்றின் நுனியைத் துரத்துவது, சாப்பிட்டுவிட்டு முகம் கழுவுவது, உங்கள் கையில் தலையை முட்டுவது. ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். கறுப்புக் குட்டியாக இருந்தால் வெளிர் நிறத் துணி விரித்து எடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கண் மட்டும்தான் தெரியும். யாரோ இறுக்கிப் பிடித்திருக்க, காதை மடக்கி முழிக்கும் படத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். பார்ப்பவர் மனதில் அந்த முழி தங்கிவிடும்.

கூப்பிடுகிறவர்களிடம் நான் கேள்விப் பட்டியல் நீட்டுவதில்லை. "உங்க வீட்டுல ஒரு நாள் எப்படிப் போகும், சொல்லுங்களேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். எத்தனை பேர், யார் எப்போது வருவார்கள், நாய் இருக்கிறதா, ஜன்னலுக்கு வலை இருக்கிறதா, எல்லாம் அந்தப் பேச்சில் தானாக வந்துவிடும். வராதவற்றை மட்டும் கேட்பேன்: வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, வாடகை வீடென்றால் உரிமையாளருக்குத் தெரியுமா, வீடு மாறினால் பூனை என்ன ஆகும். "இன்னிக்கே வந்து எடுத்துக்கறேன்" என்று அவசரப்படுகிறவரிடம் கொஞ்சம் நிதானம் காட்டுங்கள். ஏற்கெனவே சாதுவான ஒரு பெரிய பூனை இருக்கும் வீடு கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். அந்தப் பூனை ஒரு மனிதரின் மடியில் நிம்மதியாகப் படுப்பதைத் தினமும் பார்க்கும் குட்டிக்கு, நாம் சொல்ல முடியாததை அது சொல்லிவிடும். அதே காரணத்துக்காகத்தான், கூடப் பிறந்த தைரியசாலிக் குட்டி ஒன்று இருந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுக்கப் பாருங்கள் என்று சொல்வேன்.

மசிக்காகக் கூப்பிட்ட அந்த மூன்று பேரில் ஒருவர் பள்ளி ஆசிரியை. முதல் தடவை வந்தபோது மசி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "இருக்கட்டும்மா, அவ வீடு, அவ இஷ்டம்" என்றார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் என்னோடு பேசிவிட்டுக் கிளம்பினார். நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார், வந்து உட்கார்ந்து போனார். மூன்றாம் தடவை வரும்போது கையில் விடைத்தாள் கட்டு. "வேலையும் கிடக்கு, இங்கேயே உட்கார்ந்து திருத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு, மெஷினுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தார். தாள் புரளும் சத்தமும் பேனா கீறும் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. முக்கால் மணி நேரம் இருக்கும். சிவப்புப் பேனாவின் மூடி உருண்டு மெஷின் பக்கம் போனது. அவர் அதை எடுக்கப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழிருந்து ஒரு கறுப்புக் கை வந்து, மூடியை ஒருமுறை தட்டிப் பார்த்து, மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது.

டீச்சர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளை எடுத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆகவே, ஒரே சந்திப்பில் முடிவு கேட்காதீர்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை வரட்டும், முடிந்தால் குட்டி சாப்பிடும் நேரத்தில். வாசனைத் திரவியம் போடாமல் வரச் சொல்லுங்கள். தரையில் உட்காரட்டும், கையை நீட்ட வேண்டாம். குட்டி பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறக்கச் சொல்லுங்கள். கேட்க என்னவோ மாதிரி இருக்கும், ஆனால் 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். அப்படிக் கண் சிமிட்டிய புதியவரின் கையை நோக்கி வரப் பூனைகள் அதிக விருப்பம் காட்டின. இரண்டு தடவை வர நேரமில்லை என்று சொல்கிறவருக்கு, ஒரு மாதம் காத்திருக்கவும் நேரம் இருக்காது.

தடுப்பூசி, குடற்புழு மருந்து விவரமெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முக்கியத் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கும், மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாவது வாரம் வரையாவது தொடர வேண்டும். கருத்தடை ஆகாமல் கொடுப்பதாக இருந்தால் எப்போது செய்வது என்று அப்போதே பேசி எழுதி வாங்குங்கள். நான்கு மாதத்திலேயே சினைப்பிடிக்கும் குட்டிகள் உண்டு.

கொடுக்கும் நாளைவிட அதற்கு முந்தைய வாரம் முக்கியம். குட்டியைத் தூக்கிப் போகும் பெட்டியை, அதாவது கேரியரைத் திறந்து தரையில் வைத்து, சாப்பாட்டை அதற்குள் வையுங்கள். அந்தப் பெட்டி அதற்குச் சொந்தமாகட்டும். குட்டி படுக்கும் துண்டைத் துவைக்காமல் அப்படியே கூட அனுப்புங்கள். மணலும் உணவும் முதல் சில வாரங்களுக்கு நீங்கள் பயன்படுத்தியதே இருக்கட்டும். எடுத்துக்கொள்கிறவரிடம் ஒரு சின்ன அறையை மட்டும் தயார் செய்யச் சொல்லுங்கள். முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிட்டால் குட்டி கிடைக்காத இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அந்த அறையில் ஒரு அட்டைப்பெட்டி கட்டாயம் வேண்டும். ஒளிய இடம் கொடுத்தால் வெளியே வராது என்று பலர் நினைக்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் ஒரு காப்பகத்தில் பார்த்தது நேர்மாறாக இருந்தது. ஒளியப் பெட்டி இருந்த பூனைகள் புது இடத்துக்குச் சீக்கிரம் தேறின. பெட்டியிலிருந்து யாரும் அதை வெளியே இழுக்கக் கூடாது, அது ஒன்றுதான் நான் வாக்குறுதியாகவே வாங்கும் விஷயம். முதல் ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் இருக்கலாம். ஆனால் குட்டி ஒரு முழு நாள் ஒன்றுமே தொடவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பூனை மீட்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பயம் அடங்க, வழக்கம் புரிய, தன் வீடு என்று நம்ப. கூச்சக் குட்டிக்கு இதுவே குறைவுதான், இருந்தாலும் எடுத்துக்கொள்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு. நானும் அந்த நாட்களில்தான் போன் செய்வேன். "சரிவரலைன்னா எத்தனை மாசம் கழிச்சும் என்கிட்டயே கொண்டுவந்து விடுங்க, ஒரு கேள்வி கேட்க மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். திரும்பத் தரலாம் என்று தெரிந்தவர்கள் பதற்றப்படாமல் பொறுக்கிறார்கள்.

உங்களிடமே வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் கேள்வியின் கடைசியில் ஒரு தயக்கம் தெரிந்தது. மனதும் இடமும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. வேறு யாரும் வர மாட்டார்கள் என்ற பயத்தில் மட்டும் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

மசியை டீச்சர் எடுத்துப் போன மூன்றாம் நாள் கூப்பிட்டேன். "பீரோவுக்கு அடியில இருக்காம்மா, ராத்திரி சாப்பிடறா" என்றார். இரண்டாவது வாரமும் அதே பதில், அதே குரல். பத்தொன்பதாம் நாள் அவரிடமிருந்தே ஒரு செய்தி வந்தது. பேனா மூடி ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறதே என்று டார்ச் அடித்துப் பார்த்தாராம். பீரோவுக்கு அடியில் நான்கு மூடிகள், பக்கத்தில் மசி. கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தார்: திருத்தி முடித்த விடைத்தாள் கட்டின் மேல், வெளிச்சத்தில், கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.